எந்த பிளேடு என்று நீ சொல்!

தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். கட்டி முடியப்போகும் வீட்டின் சமையலறையில், மேடைக்கல்லுக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாயே, உன்னிடம். மேஸ்திரி கோடு போடுகிறார். மேஸ்திரி மார்பிள் கட்டரை எடுக்கிறார். "ஊத்துடா" என்றால் பிளேடு ஓடும் இடத்தில் தண்ணீரை ஊற்றுகிறாய், "நிறுத்துடா" என்றால் நிறுத்துகிறாய். சிங்குக்கான திறப்பு வெட்டி முடிந்ததும் சேற்றைத் துடைத்து அள்ளுவதும் நீதான். சாயங்காலம் அவர் வாங்குவதில் பாதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாய். கேட்டால், "நமக்கு இவ்வளவுதான்ணே வரும்" என்கிறாய்.

யார் சொன்னது இவ்வளவுதான் என்று? மேஸ்திரி கையில் இருக்கும் கட்டர் மூன்று கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். அதைவிடப் பத்து மடங்கு கனமான கல்லை மூன்று மாடி ஏற்றியவன் நீ. கை நிதானமா? மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழிவுத் துண்டுகளில் நீ ஓட்டிப் பார்த்த கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன. அவருக்கும் உனக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. எந்தக் கல்லுக்கு எந்த பிளேடு, எந்த மூலைக்கு எத்தனை மில்லிமீட்டர் துளை என்று அவர் யாரையும் கேட்பதில்லை. அவரே முடிவு செய்கிறார். நீ அவர் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறாய். அந்த முடிவை நீ எடுக்கும் நாளில் உன்னை யாரும் ஹெல்பர் என்று கூப்பிட முடியாது. அந்த நாளை எந்த மேஸ்திரியும் காலண்டரில் குறித்துத் தரமாட்டார். எழுந்து நின்று நீயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயமாக இருக்கும். இருக்கட்டும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு கல்கடைக்குப் போய், அரைநாள் நின்று, பார்த்துப் பார்த்து எடுத்த ஸ்லாப் அது. நடுவில் ஒரு விரிசல் விழுந்தால் உன் பல நாள் கூலி போய்விடும். இந்தப் பயத்தை "தைரியமா இருடா" என்று முதுகில் தட்டிப் போக்கிவிட முடியாது. நான் தட்டப்போவதும் இல்லை. கல் ஏன் உடைகிறது என்று உனக்குத் தெரியட்டும். கை நடுக்கம் தன்னால் நிற்கும்.

கல் மூலையில் உடைகிறது. திறப்பின் உள்மூலையை ரம்பம் வைத்தாற்போலக் கூராக வெட்டினால், அந்தக் கூர்முனையில்தான் கல்லின் அழுத்தம் எல்லாம் வந்து குவிகிறது. 1913இல் இங்கிலாந்தின் சார்லஸ் இங்கிலிஸ் என்ற பொறியாளர் இதைக் கணக்கோடு எழுதிவைத்தார்: ஒரு தகட்டில் உள்ள திறப்பின் மூலை எவ்வளவு கூராக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அங்கே அழுத்தம் பெருகும். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் பிளந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. முதல் விமானத்தில் 35 பேர், இரண்டாவதில் 21 பேர் இறந்தார்கள். கடலுக்கடியிலிருந்து முதல் விமானத்தின் துண்டுகளைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்துப் பார்த்தபோது, அதன் கூரையில் இருந்த ஒரு திறப்பின் மூலையருகேதான் பிளவு தொடங்கியிருந்தது தெரிந்தது. உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானத்தைக் கட்டியவர்களுக்கே பாடம் சொன்ன இடம் அது. நீ வெட்டும் சிங்க் திறப்புக்கும் நான்கு மூலைகள் இருக்கின்றன. அந்த நான்கையும் நீ மதித்தால் கல் உன்னை மதிக்கும்.

அதனால் நேர்வெட்டைத் தொடங்குவதற்கு முன்பே மூலைகளைத் துளையிடு. டைமண்ட் கோர் பிட்டால் நான்கு மூலையிலும், கோட்டுக்கு உள்பக்கமாக, கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஒரு வட்டம். பிறகு நேர்க்கோடுகளால் அந்த வட்டங்களை இணை. வட்டத்தின் அளவைச் சிங்கோடு வரும் அட்டை மாதிரியில் உள்ள வளைவைப் பார்த்துத் தேர்ந்தெடு. "எல்லாத்துக்கும் ஒரே பிட்டு போதும்" என்பவரிடம் வாதாடாதே. உன் பையில் இரண்டு மூன்று அளவுகளை வைத்துக்கொள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர் அறியாமல் கல்லைக் கெடுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. நீ ஒருநாளும் கெடுக்கக்கூடாது என்பதற்காகக் கணக்கே போட்டுக் காட்டுகிறேன். கட்டரின் பிளேடு 110 மி.மீ. விட்டமுள்ள வட்டம். கல் 20 மி.மீ. தடிமன். பிளேடை 25 மி.மீ. ஆழத்துக்கு இறக்கியிருக்கிறாய், அதாவது கல்லுக்கு அடியில் 5 மி.மீ. எட்டிப் பார்க்கிறது. மேல்பரப்பில் பிளேடின் நடுவிலிருந்து வெட்டு 46 மி.மீ. முன்னே போயிருக்கும். அடிப்பரப்பில் 23 மி.மீ.தான் போயிருக்கும். மேலே மூலைவரை வெட்டிவிட்டாய், அடியில் இன்னும் 23 மி.மீ. கல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவசரக்காரன் என்ன செய்வான்? அடியும் அறுபடட்டும் என்று கட்டரை மேலும் தள்ளுவான். மேல்பரப்பில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில், கோடு மூலையைத் தாண்டி ஏறக்குறைய ஒரு இஞ்ச் ஓடிவிடும். சிங்கின் விளிம்பு அதை மூடினாலும், அந்தக் கீறல் உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஒருநாள் வீட்டம்மா கொதிக்கும் குக்கரை இறக்கி வைக்கும்போது விரிசலாக வெளியே வரும். அன்றைக்குத் திட்டு வாங்குவது கல்கடைக்காரர். தப்பு செய்தது கட்டரைத் தள்ளிய கை.

சரியான கை என்ன செய்யும்? மேல்வெட்டைத் துளையில் சந்திக்கும் இடத்தில் நிறுத்தும். கல்லைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தில் அதே கோட்டை வரைந்து, மிச்சத்தை அங்கிருந்து அறுக்கும். இதற்காகத்தான் கல்லை மேடையில் ஒட்டுவதற்கு முன்பே திறப்பை வெட்டச் சொல்கிறேன். ஒட்டிய பிறகு வெட்டச் சொல்லும் வீட்டுக்காரரிடம் "முதல்லயே வெட்டிடுவோம் சார், அதான் கல்லுக்கு நல்லது" என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறது. சொல். காரணம் தெரிந்தவன் பேச்சை வீட்டுக்காரர் கேட்பார்.

வெட்டும்போது நடுத்துண்டு தன் எடையில் தொங்கி, கடைசி மூலையைப் பிய்த்துக்கொண்டு விழும். அதற்கு அடியில் மரச்சட்டம் கொடு. முன்பக்கத்தில் சிங்குக்கும் விளிம்புக்கும் நடுவில் மிஞ்சும் பட்டை 2 இஞ்சுக்குக் குறைந்தால் கைவைக்காதே, சிங்கைப் பின்னால் தள்ளச் சொல். ஹாப் அடுப்புக்கு, பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் போட்டிருக்கும் அளவைத் தவிர வேறு எந்த அளவையும் நம்பாதே. 560-க்கு 490 என்று ஒரு மாடலில் இருக்கும், பக்கத்து மாடலில் வேறாக இருக்கும். போன வீட்டு அளவு இந்த வீட்டுக்கு ஆகாது.

இப்போது பிளேடுக்கு வருவோம். உன் வாழ்க்கையை மாற்றப்போவது இதுதான், அதனால் நிதானமாகப் படி.

டைமண்ட் பிளேடு கல்லை அறுப்பதில்லை, தேய்க்கிறது. உலோகப் பொடியோடு வைரத்துகளைக் கலந்து, சூடேற்றி, இறுக்கி, பிளேடின் ஓரத்தில் பட்டையாக வைத்திருக்கிறார்கள். வைரம் கல்லைச் சுரண்டச் சுரண்ட மழுங்கும். மழுங்கிய வைரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகம் தேய்ந்து, அதை உதிர்த்துவிட்டு, அடுத்த புது வைரத்தை வெளியே காட்ட வேண்டும். கிரானைட் கடினமான கல், வைரத்தை மழுக்கும், ஆனால் உலோகத்தை அவ்வளவாக அரிக்காது. அதனால் கிரானைட்டுக்கு மென்மையான உலோகப் பிணைப்புள்ள பிளேடு வேண்டும். கான்கிரீட்டும் செங்கல்லும் மணல் மணலாக உலோகத்தை அரித்துத் தள்ளும். அவற்றுக்குக் கெட்டியான பிணைப்பு வேண்டும். கடினமான கல்லுக்கு மென்மையான பிணைப்பு, சொரசொரப்பான பொருளுக்குக் கெட்டியான பிணைப்பு. கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். தலைகீழாகத் தோன்றுவதால்தான் பாதிப்பேர் தப்பாக வாங்குகிறார்கள்.

கான்கிரீட் பிளேடை எடுத்துக் கிரானைட்டில் வைத்துப் பார். கொஞ்ச நேரத்தில் ஓரம் கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும். பிளேடு சுற்றும், சத்தம் ஏறும், வெட்டு நகராது. "அமுக்குடா" என்பார்கள். அமுக்கினால் சூடு ஏறும், பிளேடு வளையும், கல் சூட்டில் பிளக்கும். நீ அமுக்காதே. நிறுத்து. தண்ணீர் விட்டுக்கொண்டே மணற்கல்லிலோ சொரசொரப்பான செங்கல்லிலோ நாலைந்து முறை ஓட்டு. மழுங்கிய ஓரம் அரிபட்டுப் புது வைரம் தலைகாட்டும். பிளேடு மறுபடி கடிக்கத் தொடங்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை உனக்கு உரியது, வாங்கிக்கொள்.

ஓரத்தின் வடிவத்தையும் பார். இடைவெளி விட்டுப் பல் பல்லாக இருக்கும் பிளேடு வேகமாகப் போகும், ஆனால் பாலிஷ் போட்ட முகத்தில் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். இடைவெளியே இல்லாத முழு ஓரமுள்ள பிளேடு மெதுவாகப் போகும், விளிம்பு சுத்தமாக வரும். நெளிநெளியாக இருக்கும் டர்போ இரண்டுக்கும் நடுவில். சிங்கின் விளிம்பு வெட்டை மூடப்போகிறதா, அல்லது சிங்க் கல்லுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டிய முகம் வெளியே தெரியப்போகிறதா என்று முதலில் கேள். வெளியே தெரியும் வேலைக்கு முழு ஓரத்தைத் தவிர வேறெதையும் மாட்டாதே. கோட்டின்மேல் காகித டேப் ஒட்டி, முதல் ஓட்டத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கீறிவிட்டு, அந்தக் கீறலில் பிறகு ஆழமாக இறங்கு. குழாய்க்கு 35 மி.மீ. துளை போடும்போது ஹேமர் மோடைத் தொடவே தொடாதே. தட்டித் தட்டித் துளைத்தால் அடிப்பக்கம் தட்டுத்தட்டாகப் பெயரும். பிட்டைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தால் பள்ளம் ஏற்படுத்தி, மெல்ல நிமிர்த்தி, அடியில் கட்டை கொடுத்து, கடைசி மில்லிமீட்டரில் கையின் அழுத்தத்தைக் குறைத்து இறங்கு. பிளைவுட், லாமினேட் மேடைக்கு இது எதுவும் பொருந்தாது. அதற்குக் கீழ்நோக்கிய பல்லுள்ள பிளேடு மாட்டிய ஜிக்சா, அல்லது ரவுட்டர்.

"இதெல்லாம் படிச்சவங்களுக்கு" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதா? அந்தக் குரலுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். காமெட் விமானங்கள் விழுந்த அதே 1954இல், ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. நீ கையில் பிடிக்கும் கிரைண்டர்கள் எல்லாம் அதன் வம்சம். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில், டிரேசி ஹால் என்பவர் கார்பனை அமுக்கிச் செயற்கை வைரம் செய்தார். அங்கே விலையுயர்ந்த பெரிய புது அழுத்து எந்திரம் இருந்தது. அவருக்குக் கிடைத்ததோ தண்ணீர் ஒழுகும் பழைய எந்திரம். தன் கருவியின் உள்பாகத்தைத் தானே வடிவமைத்தார், அதற்குப் பணம் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். அவர் நிற்கவில்லை. அந்த ஒழுகல் எந்திரத்தில்தான் வைரம் வந்தது. இன்று தெருமுனை ஹார்ட்வேர் கடையில் சாதாரணக் கூலிக்காரன் வாங்கும் விலைக்கு டைமண்ட் பிளேடு கிடைக்கிறதென்றால், மண்ணுக்குள்ளிருந்து தோண்டிய வைரத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை என்று அன்று ஆனதும் ஒரு காரணம். புது எந்திரம் கொடுத்தால்தான் செய்வேன் என்று அவர் உட்கார்ந்திருக்கலாம். நீயும் "சொந்தமா மெஷின் வாங்கின பிறகு கத்துக்கிறேன்" என்று உட்கார்ந்திருக்கலாம். உட்காராதே! மேஸ்திரியின் பழைய கட்டரில், தூக்கியெறியப்பட்ட துண்டில், இன்றைக்கே கற்றுக்கொள்.

உன் மண்ணின் கல்லையும் அறிந்துகொள். காஷ்மீர் ஒயிட் என்று ஊரெல்லாம் விற்கிறதே, அது மதுரை மாவட்டத்துக் கல். குன்னம் கறுப்பு விழுப்புரம் பக்கத்தது. பாரடைசோ கிருஷ்ணகிரிப் பக்கத்தது. கடல் தாண்டிப் போய் அந்நிய தேசத்துச் சமையலறைகளில் உட்கார்ந்திருக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த உனக்கு, அதை வெட்டும் பிளேடைச் சொல்லத் தெரியவில்லை என்றால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நெஞ்சு என்றதும் இன்னொன்று, இதில் எனக்குச் சமரசமே கிடையாது. தூசி. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. காய்ந்த கல்லில் பிளேடை ஓட்டினால் எழும் வெள்ளைப் புகையில், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்கிறார்கள். வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. சுவாசத்தில் போகும் படிகச் சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. இப்போது மாடர்ன் கிச்சன்களுக்கு வரும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்தையும் தாண்டுவது உண்டு. வெட்டும் இளைஞர்கள் நோயில் விழுந்ததைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. ஒரு நாடே நிறுத்திய கல்லைக் கழுத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நீ வெட்டலாமா?

தண்ணீர் விட்டு வெட்டு. கைக்குட்டையும் துண்டும் அந்தத் துகளைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் போடு. தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து மட்டும் லைன் எடு. வயரின் காப்பரைக் குச்சி வைத்து பிளக்கில் சொருகுகிறவன் வீரன் இல்லை. 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கார்டைக் கழற்றிவைத்து அதன் முன்னால் லுங்கியோடு உட்காரச் சொன்னால், "மாட்டேன்ணே" என்று சொல். வேலை போய்விடுமா? ஒரு வேலை போகலாம். "மாட்டேன்" என்று சொல்லிப் பழகாதவன் எத்தனை பிளேடு பற்றித் தெரிந்துகொண்டாலும் ஹெல்பர்தான். உன் நுரையீரலை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் கூலி உன் பிள்ளைக்கு உதவாது.

தங்கச்சி, நீயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய் என்று தெரியும். சித்தாள் என்று உனக்குப் பேர் வைத்து, சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றி, முப்பது வருஷம் அதே படிக்கட்டில் ஏற்றி இறக்குகிறார்கள். உன்னோடு வேலைக்குச் சேர்ந்த பையன் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பைக்கில் வருகிறான். உன் கைக்குக் கரண்டியோ கட்டரோ ஒருநாளும் வரவில்லை. "பொம்பளைக்குத் தாங்காது" என்கிறார்கள். 4 இஞ்ச் கிரைண்டரின் எடை இரண்டு கிலோகூட இல்லை. நீ தலையில் சுமக்கும் சட்டி அதைப்போல எத்தனை மடங்கு! இந்த வேலைக்கு வேண்டியது பொறுமை, கோடு விலகாத கண், கடைசி மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறைக்கத் தெரிந்த கை. கேள். "அண்ணே, அந்தத் துண்டை நான் வெட்டிப் பாக்குறேன்" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேள். சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று மறுபடி கேள்.

நாளைக்கு இரண்டு பேரும் ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். "நாலு இஞ்ச் பிளேடு ஒண்ணு குடுங்க" என்று கேட்டுக் கொடுத்ததை வாங்கி வராதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "பாலிஷ் போட்ட கிரானைட், 20 எம்.எம்., கட்டர்ல மாட்டணும், துளை 20 எம்.எம்., முழு ஓரம், தண்ணி விட்டு வெட்டப்போறேன். இது கிரானைட்டுக்கான பிளேடுதானா? இதுல எத்தனை ஆர்.பி.எம். வரைக்கும்னு போட்டிருக்கு?" கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னால் அதை உங்கள் கண்ணாலும் படித்துவிட்டு வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்றால், பிளேடை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.